பிரிஜ் நின்ற இடம்

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்பாஸ் வருவதாக இருந்தது. வந்தது ஒரு கார்கோ பெட்டி.

பால்மா டின் ஆறு, ஒரு வருஷத்துக்குப் போதுமான சவர்க்காரம், இரண்டு கம்பளிப் போர்வை. போர்வைகளுக்குள் சுற்றி இரண்டு மர ஸ்பீக்கர்களும், பதினொரு கிலோ எடையில் வெள்ளி நிறத்தில் ஒரு அம்ப்ளிபயரும். சாய்ந்தமருதில் அப்போது கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. வயல் பக்கமிருந்து வரும் அந்தக் காற்றில் கொடியில் போட்ட துணி கால் மணித்தியாலத்தில் காய்ந்து, அரை மணித்தியாலத்தில் அடுத்த வளவுக்குப் போய்விடும். நிப்லாவின் தாய் சபியா உம்மா கம்பளியை விரித்துப் பார்த்தாள்.

"மருமகனுக்கு நம்மட ஊர் எந்தப் பக்கம் எண்டு மறந்து பெய்த்து போல. இந்த வெக்கைக்குள்ள ஆரு புள்ள இதப் போத்துற?"

நிப்லா பெட்டியின் அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். கடிதம் ஏதும் இல்லை என்பது முதல் துழாவலிலேயே தெரிந்திருந்தது.

கல்யாணம் முடிந்து மூன்று வருஷமும் நாலு மாதமும். அதில் இருவரும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தது நாற்பத்தொரு நாள். வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு என்பது இந்தக் கரையின் வழக்கம். இன்பாஸும் ஒரு சூட்கேசோடு வந்தான், நாற்பத்தொரு நாள் இருந்தான், அதே சூட்கேசோடு கட்டார் போனான். இடையில் அந்த வீட்டில் அவன் செய்த ஒரே காரியம், ஹோலின் முன் சுவரில் எட்டடி நீளத்துக்கு ஒரு ஷோகேஸ் அடித்தது. பதினாறு போல்ட் போட்டுச் சுவரோடு இறுக்கியிருந்தான். வீடு இடிந்தாலும் ஷோகேஸ் நிற்கும் என்று கொத்தனார் சொன்னார். அதைப் பாராட்டாகச் சொன்னாரா என்பது இன்றுவரை தெரியாது.

லீவு கிடைக்கவில்லை, இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தத்தை நீட்டிவிட்டார்கள் என்ற செய்தியைச் சொன்ன அதே அழைப்பில்தான் அம்ப்ளிபயரைப் பற்றியும் சொன்னான். டோஹாவில் அவன் ஏசி திருத்துகிற தொடர்மாடியில் யாரோ வெள்ளைக்காரர் ஒருவர் வீட்டைக் காலி செய்தபோது மலிவாகத் தள்ளிவிட்டுப் போனது. வைபையில் வேலை செய்யும். போனில் வருகிற எதையும் வயர் இல்லாமல் இழுத்து ஸ்பீக்கரில் விடும்.

"பெருநாள் தொழுகை முடிஞ்சி, உங்கட நேரம் எட்டரை. இஞ்ச ஆறு மணி. ஏழுக்கு எனக்கு டியூட்டி. நான் சலாம் செல்ற. அது ஊடு முழுக்கக் கேக்கணும்."

"இப்ப மட்டும் கேக்கல்லியா?"

"இது கேக்கிறயா? போனுக்குள்ளால வாறது என்ட குரலா நிப்லா? காதடியில இரையிற நுளம்புட குரல்."

அதைக் கேட்டு அவள் சிரித்தாள். போனை வைத்த பிறகு சிரிப்பு நின்றது. ஷோகேஸ் அடித்த நாட்களில், "அந்த ஸ்க்ரூவ எடு புள்ள" என்று அவன் சொன்னால் அந்த அதிர்வு சீமெந்துத் தரை வழியாகக் காலில் ஏறும். அப்படி ஏறியது நினைவிருந்தது. குரல் நினைவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பார்த்தால் நுளம்புதான் வந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? புருஷனின் முகம் மறந்துவிட்டது என்றால் போட்டோ காட்டுவார்கள்.

அம்ப்ளிபயரைப் பிளக்கில் போட்டார்கள். 'டக்' என்றது. சிவப்பு லைட் மூன்று முறை மின்னி அணைந்தது. பெருநாளுக்கு மூன்று நாள் இருந்தது.

*

வியாழக்கிழமை காலை ஸ்ரான்லி வந்தான். கல்முனையில் மெதடிஸ்த ஆலயத்துக்குப் பின்னால் வீடு. கோயிலோ பள்ளியோ சேர்ச்சோ, மைக் இரைந்தால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். மூன்று சமயத்தின் குரல்வளையும் தன் கையில் என்று அவனே சொல்லிக்கொள்வான். வயது முப்பத்தெட்டு, முன் தலையில் முடி இல்லை. காது பக்கம் நிறைய இருந்தது.

ஹோலில் பாய் விரித்து, அம்ப்ளிபயரைக் கவிழ்த்து, பதினெட்டு ஸ்க்ரூவைக் கழற்றித் தேத்தண்ணிக் கோப்பை வைக்கிற பிரிச்சில் போட்டான். பிரிச்சு சபியா உம்மாவின் நல்ல பிரிச்சு. அவள் வேறு பிரிச்சு கொண்டுவந்து ஸ்க்ரூக்களை மாற்றினாள்.

"இந்தா பாருங்க தங்கச்சி" என்று நிப்லாவைக் கூப்பிட்டான். "ரெண்டு கப்பாசிட்டர் வயிறு ஊதிப் போய்க் கிடக்கு. வேறொண்டுமில்ல. மாத்தி விட்டா ஓடும்."

"ஓடுமா?"

"ஓடும். வெள்ளைக்காரன் குளிருக்குள்ள வெச்சிருந்த சாமான். நம்மட உப்புக் காத்துப் பட்டா ரெண்டு நாளைக்குச் சுணங்கும், மறுகா பழகிரும்."

பாயில் குந்தியிருந்து ஈயம் உருக்கினான். புகை சபியா உம்மாவின் கொழுக்கட்டை மா வறுக்கும் வாசத்தோடு கலந்தது. பழையதைப் பிடுங்கிப் புதியதை வைத்துப் பின்பக்கம் ஈயத்தால் ஒட்டி, ஊதி, சட்டை நுனியால் துடைத்தான். பன்னிரண்டு மணிக்குப் பிளக்கைப் போட்டான். 'டக்' என்றது. சிவப்பு லைட் பச்சையானது. சின்னத் திரையில் எழுத்து ஓடியது.

"உசிர் வந்திட்டு" என்றான் ஸ்ரான்லி. "இப்ப இது நெட்டில இருந்து புது மென்பொருள் இறக்கப் பாக்குது. இருபத்தஞ்சு நிமிசம் எடுக்கும். இடையில கரண்ட் போகப்படாது, போனா மூளை கலங்கிரும். நான் வெளியில நிண்டு ஒரு போன் கதைச்சிட்டு வாறன்."

திரும்பி வந்தபோது அம்ப்ளிபயர் செத்துக் கிடந்தது.

கரண்ட் இருந்தது. பேன் சுற்றிக்கொண்டிருந்தது. பிளக் சுவரில் பொருந்தியபடி இருந்தது. ஸ்ரான்லி மூடியைத் திரும்பக் கழற்றினான். ஈயம் வைத்த இடங்களை ஒவ்வொன்றாகத் தட்டினான். வெள்ளைக்காரரைச் சந்தேகித்தான், கார்கோக்காரரைச் சந்தேகித்தான், கடைசியில் தன் கையையே சந்தேகித்தான். பகல் சோற்றுக்குப் பிறகு, கீரிமீன் குழம்பு ஏப்பத்தோடு, பென் டிரைவில் மென்பொருளைப் போட்டுக் குத்தி இன்னொரு முறை தொடங்கினான். மூன்று மணி பத்து. திரையில் கோடு மெல்ல நீண்டது. பத்து வீதம். முப்பது. ஐம்பத்தைந்து. ஸ்ரான்லி முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனான்.

பெரிய பள்ளியில் அஸர் தொழுகைக்கு அழைத்து வாங்கு சொன்னார்கள்.

முகத்தில் தண்ணீரோடு அவன் உள்ளே வந்த அதே நேரம், சபியா உம்மா தலையில் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு குசினியிலிருந்து வந்தாள். நேரே சுவருக்குப் போனாள். பிளக்கைப் பிடுங்கினாள்.

ஸ்ரான்லி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"உம்மா. என்ன செஞ்சீங்க?"

அவள் விரலை உதட்டில் வைத்தாள். வாங்குக்குப் பதில் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பெரிய பள்ளி முடிய, கடற்கரைப் பள்ளி தொடங்கியது. அது முடியுமுன் சந்திப் பள்ளி. அந்த வீட்டின் காதுக்கு எட்டுகிற பள்ளிகள் ஏழு. ஏழின் மணிக்கூடும் ஏழு விதம். வாங்கு ஓய்வதற்குப் பதினொரு நிமிஷம் எடுக்கும். கடைசிப் பள்ளி முடிந்ததும் அவள் துஆ ஓதி, பிளக்கை எடுத்து முன்பு இருந்தபடியே பக்குவமாகப் பொருத்தினாள்.

"என்ன தம்பி கேட்டீங்க?"

"பகலும் நீங்கதானா பிடுங்கின?"

"ஓம். பின்ன? லுஹருக்கு வாங்கு சொன்னாங்களே."

"அது பாட்டுப் படிக்கல்லியே உம்மா. சத்தமே போடல்ல."

"சத்தம் போடாட்டி என்ன, லைட்ட எரிச்சிக்கிட்டு முழிச்சிக்கிட்டு நிண்டிச்சே. வாங்கு சொல்றப்ப டீவிக்கும் இதான், றேடியோவுக்கும் இதான். சுவிச்ச அமத்தினா உள்ளுக்குள்ள கதைச்சிக்கிட்டுத்தானாம் இரிக்கும். பிளக்கப் பிடுங்கினாத்தான் மனசுக்கு நல்லம்."

ஸ்ரான்லி பாயில் உட்கார்ந்தான்.

"பெரிய பள்ளி மைக் இப்ப துப்பரவாக் கேக்குதுதானே உம்மா?"

"மாஷா அல்லாஹ். போன மாசத்துக்குப் பிறகு குசினிக்குள்ள நிண்டாலும் ஒரு சொல்லு தப்பாது."

"நான்தான் திருத்தின" என்றான் ஸ்ரான்லி.

*

அன்று பொழுதுபட்டு, மஃரிப் தொழுகைக்குப் பிறகு இன்பாஸ் அழைப்பு எடுத்தான். போனை ஸ்ரான்லியிடம் கொடுத்தாள் நிப்லா.

"ஒரே வழி முழுசா அழிச்சு, பிறந்த குழந்தை மாதிரி ஆக்கிறதுதான் தம்பி" என்றான் ஸ்ரான்லி. "பெருநாளுக்கு நிச்சயமா ஓடும். உள்ளுக்குச் சேமிச்சு வெச்சது ஒண்டும் மிஞ்சாது. அவ்வளவுதான்."

அந்தப் பக்கம் எதையோ கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"தம்பி?"

"அழிக்க வேணாம்" என்றான் இன்பாஸ்.

"அழிக்காட்டிப் பெருநாளைக்கு இது ஓடாது."

"அண்ணன், நிப்லாட்ட குடுங்க."

நிப்லா போனை வாங்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனாள்.

"என்ன மச்சான் அதுக்குள்ள?"

"ஒண்டுமில்ல."

"ஒண்டுமில்லாத்துக்கா அழிக்க வேணாம் எண்டீங்க?"

"நம்மட ஊட்ட வெச்சிரிக்கன்."

"என்ன ஊட்ட?"

"ஊடுதான். விளங்காது, உடு. பெருநாளைக்கு நான் இஞ்ச இருந்து கதைக்கக்க செல்லுவம் எண்டுதான் இருந்த. ஒரு கிழமை இருந்து செஞ்ச. ரூமில இரிக்கிற பொடியன்மார் எனக்கு விசர் எண்டு சிரிச்சானுகள்."

"சரி, என்னெண்டு செல்லுங்களன்."

"சரியா வருமோ தெரியா" என்றான். பிறகு டியூட்டி என்று சொல்லி வைத்துவிட்டான். அந்த நேரத்தில் அவனுக்கு டியூட்டி இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

உள்ளே வந்து சொன்னாள். "ஸ்ரான்லி அண்ணன், அழிக்கிறதுக்கு முன்னுக்கு உள்ள என்ன இரிக்கி எண்டு பாக்க ஏலாதா?"

"பாக்க ஏலாட்டி?"

"அப்ப அழிக்க வேணாம்."

"அவர்ர குரல் கேக்கணும் எண்டுதானே நீங்க..."

"ஓம்" என்றாள். "ரெண்டும் வேணும்."

ஸ்ரான்லி காதோர முடியைச் சொறிந்தான். காலையில் வருவதாகச் சொல்லிப் போனான்.

*

வெள்ளிக்கிழமை, பெருநாளுக்கு முந்திய அறபா நாள். வீட்டில் இருவரும் நோன்பு. ஸ்ரான்லிக்குப் பால் இல்லாத பிளேன்டி ஊற்றினார்கள். அவன் குடிக்கவில்லை. பத்து மணிக்கு இரண்டாவது முறை ஊற்றியபோது, "நோன்புக்காரர்ர முகத்தப் பாத்துக்கிட்டு எனக்கு இறங்காது உம்மா" என்றான். மூன்றாவது முறை ஊற்றி வைத்துவிட்டு இருவரும் முற்றத்துக்குப் போனபோது குடித்துவிட்டான்.

இரவு அவனுக்கு ஒரு யோசனை வந்திருந்தது. மூளை கலங்கியது நெட்டைப் பிடிக்கிற சின்ன சர்க்கிட் போட்டுக்கு. அதை மட்டும் கழற்றி எடுத்தால், மிச்சம் பழையபடி எழும்பும். பாட்டுப் படிக்காது. ஆனால் திரையில் கண் திறக்கும்.

கண் திறந்தது. அவன் குமிழைத் திருகித் திருகி வாசித்தான். நிப்லா போன வருஷக் கலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினாள்.

"ஹோல் நீளம் பதினாறு அடி. அகலம் பதிமூணு. தளம் சீமெந்து. ஜன்னல் இடப் பக்கம் ஒண்டு. திரைச்சீலை இல்ல." ஸ்ரான்லி நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தான். திரைச்சீலை இல்லை. "ஆ, இது விளங்குது. இந்த சாதிப் பெட்டிக்கு ஹோல்ட அளவு குடுத்தா அதுக்கேத்த மாதிரிச் சத்தத்த வெட்டித் தரும். தம்பி டோஹாவில ரூமுக்குள்ள இருந்துக்கிட்டு உங்கட ஹோல மனசால அளந்து குடுத்திருக்கார். கூரை பத்தரை அடி. ஸ்பீக்கர் ரெண்டும் ஷோகேஸுட ரெண்டு தொங்கலில. சரிதான். கேக்கிற ஆள்..."

நிறுத்தினான்.

"இதுமட்டும் பிழை."

"என்ன?"

"கேக்கிற ஆள் எங்க இருக்கிறதெண்டு குடுக்கணும். ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவிலதான் எல்லாரும் வெப்பாங்க. இவர், இடது ஸ்பீக்கரில இருந்து ஏழு அடி, வலதில இருந்து பத்தரை எண்டு போட்டிருக்கார். ஆள் ஒரு ஓரத்தில போய்க் கிடக்கு."

நிப்லா எழுதுவதை நிறுத்தவில்லை. ஆனால் எழுதுகிற கை மெதுவானது.

"அளந்து பாருங்க" என்றாள்.

ஷோகேஸின் இரண்டு தொங்கல் முனையிலும் நூல் கட்டினார்கள். ஒன்றில் ஏழடி, மற்றதில் பத்தரை. இரண்டு நுனியையும் இழுத்துக்கொண்டு போனான் ஸ்ரான்லி. நூல்கள் போய்ப் பிரிஜ்ஜில் முட்டின.

"பிரிஜ்ஜுக்குள்ள போய்த்தான் சந்திக்குது" என்றான்.

மா சலித்துக்கொண்டிருந்த சபியா உம்மா எட்டிப் பார்த்தாள். "அப்ப எங்கட புள்ளய முட்ட வெக்கிற தட்டிலயா இரிக்கச் செல்றாரு?"

பிரிஜ் வந்தது போன வருஷம். இன்பாஸ் அனுப்பிய காசில் வாங்கியது, இன்பாஸ் பார்த்திராதது. அதற்கு முன் இடப் பக்கச் சுவரோரம் வெறுமையாகத்தான் இருந்தது. அவன் ஷோகேஸுக்குச் சுவரில் ஓட்டை போட்ட நாட்களில், நிப்லா அங்கே ஒரு சின்ன ஸ்டூலில் இருந்து சுளகில் கூனி பார்ப்பாள். அந்தப் பொடி இறாலில் கல்லும் மண்ணும் கலந்திருக்கும், பொறுக்கி முடிய ஒரு பகல் போகும். ஜன்னலுக்குக் கீழ் என்பதால் காற்று வரும். கூனி தீர்ந்த பிறகும் இரண்டு நாள் வெறும் சுளகோடு இருந்தாள். அவன் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"பிரிஜ்ஜ நகத்தணும்" என்றாள் நிப்லா.

"உனக்கென்ன விசரா புள்ள? நாளைக்கு குர்பான் இறச்சி வரப் போகிது."

"குசினி வாசலடியில கொண்டுபோய் வெப்பம் உம்மா."

சபியா உம்மா மாக் கையோடு வந்து நூல் முட்டிய இடத்தைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள்.

"இஞ்ச பாரு. நீ கூனி பொறுக்கின இடம் இது இல்ல. ஜன்னலுக்கு நேர கீழ. பிரிஜ்ஜுக்கு இங்கால. நான் பாக்கல்லியா? அந்த இடம் இப்பவும் சும்மாத்தானே கிடக்கு. ஸ்டூலப் போட்டு இரி. ஆரு வேணாம் எண்ட?"

உண்மைதான். அவள் இருந்த இடம் நூல் முட்டிய இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி. ஜன்னல் விளிம்பின் நிழல் விழுகிற இடம். அங்கே ஒன்றும் இல்லை.

"மருமகன்ட கணக்கு ஒரு முழம் பிழ" என்றாள் சபியா உம்மா. "அத அண்ணன்ட செல்லித் திருத்து. பிரிஜ் பாவம், அதுபாட்டுக்கு நிக்கிது."

ஸ்ரான்லியும் அதை ஆமோதித்தான். ஏழடியை எட்டரை என்றும் மற்றதை அதற்கேற்பவும் மாற்றிக் கொடுத்தால் முடிந்தது.

நிப்லா நூலின் நுனியைப் பிடித்தபடி நின்றாள்.

"ஜன்னலடியில இருந்த எண்டா அவருக்குத் தூரம்" என்றாள். "நான் அவருக்குக் கிட்டவா இருந்தமாதிரித்தான் அவருக்கு இரிக்கி. அப்பிடியே இரிக்கட்டும். பிரிஜ்ஜப் புடிங்க அண்ணன்."

சபியா உம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து, மாவைச் சலிக்கப் போய்விட்டாள். போகிறபோது, "இறச்சி கெட்டா என்னக் கேக்கப்படாது" என்று மட்டும் சொன்னாள்.

*

எல்லா அளவும் தாளில் ஏறியதும் ஸ்ரான்லி சின்னப் போட்டைத் திரும்பப் பூட்டி, முழுவதையும் அழித்தான். ஜும்ஆத் தொழுகை முடிந்து தெரு அமைதியானதும் தொடங்கியிருந்தால் நிம்மதி. ஆனால் புதிய மென்பொருள் இறங்க வைபை இழுத்தடித்தது. அவனுக்கு நாலு மணிக்குச் சொறிக்கல்முனையில் ஒரு சாவீட்டுக்கு மைக் கட்டவேண்டும். மூன்று பத்துக்குக் கோடு ஓடத் தொடங்கியது.

"உம்மா" என்றான், கையைக் கட்டிக்கொண்டு. "இன்னம் இருபது நிமிசத்தில வாங்கு சொல்லுவாங்க."

"தெரியும்."

"இது முடிய இருபத்தஞ்சு நிமிசம்."

"அதுவும் தெரியும். நான் என்ன சின்னப் புள்ளயா?"

"பிடுங்கினீங்க எண்டா இதுக்குமேல என்னால ஏலா. தங்கச்சி சொன்ன மாதிரி அவர் நாளைக்கு நுளம்புதான்."

சபியா உம்மா தொழுகை முசல்லாவை விரிக்கப் போனாள். விரிக்காமல் திரும்பி வந்து பிளக்குக்குப் பக்கத்தில் நின்றாள். நிப்லா திரையைப் பார்த்தபடி இருந்தாள். நாற்பது வீதம். ஐம்பத்திரண்டு. கச்சான் காற்று ஜன்னல் கதவை இரண்டு தரம் அடித்தது. அறுபத்தெட்டு.

பெரிய பள்ளி தொடங்கியது. ஒரு சொல் தப்பாமல் கேட்டது. ஸ்ரான்லி கண்ணை மூடிக்கொண்டான்.

சபியா உம்மாவின் கை பிளக் வரை போனது. விரல்கள் அதைப் பிடித்தன. நிப்லா, "உம்மா" என்று சொல்லவில்லை. சொல்லக்கூடாத நேரம் அது. வாங்கில் முதல் இரண்டு வரிகளுக்கும் அந்தக் கை அங்கேயே இருந்தது. பிறகு விட்டது. சபியா உம்மா கார்கோவில் வந்த கம்பளிகளில் ஒன்றை எடுத்து, இரண்டாக மடித்து, அம்ப்ளிபயரைத் தலையோடு மூடினாள். பச்சை லைட் தெரியவில்லை. அவள் திருப்தியாக முந்தானையை இழுத்துவிட்டு வாங்குக்குப் பதில் சொல்லத் தொடங்கினாள்.

ஏழு பள்ளியும் முடியுமட்டும் மூன்று பேரும் கம்பளியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே அது வேகிறதா வெந்துவிட்டதா என்று ஸ்ரான்லிக்குத் தெரியவில்லை. கடைசித் துஆ முடிந்ததும் சபியா உம்மாவே கம்பளியை எடுத்தாள். கொஞ்சம் சூடாக இருந்தது. திரையில் நூறு.

"பாத்தீங்களா" என்றாள். "அதுக்கும் ஒழுங்கு தெரியிது."

*

சனிக்கிழமை, தொழுகை முடிந்து தெருவில் சலாமும் அத்தர் வாசமும் நடந்துகொண்டிருந்தபோது, நிப்லா புதுச் சாரியோடு ஸ்டூலில் வந்து இருந்தாள். தரையில் பிரிஜ்ஜின் நாலு காலும் நின்ற துருக் கறை நாலு புள்ளியாக இருந்தது. ஸ்டூல் அதற்கு நடுவில். இரவே எல்லா அளவையும் தாளைப் பார்த்துத் திரும்பக் கொடுத்துவிட்டாள். ஏழு அடி. பத்தரை அடி. ஒன்றையும் திருத்தவில்லை.

எட்டு முப்பத்திரண்டுக்கு அழைப்பு வந்தது. ஸ்ரான்லி காட்டித் தந்தபடி பொத்தானை அழுத்தி, போனை மடியில் வைத்துக்கொண்டாள்.

முதலில் ஒரு இரைச்சல் வந்தது. தூரத்தில் ஏதோ ஏசி. பிறகு யாரோ மூச்சு விட்டார்கள், ஹோலுக்குள்ளேயே.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றான் இன்பாஸ்.

ஷோகேஸ் கண்ணாடிகள் லேசாக அதிர்ந்தன. தரை வழியாக ஸ்டூலுக்கு வந்து, ஸ்டூலிலிருந்து அவளுக்கு வந்தது. இந்தக் குரல்தான். இவ்வளவு நாளும் எங்கே போயிருந்தது? குசினியில் சபியா உம்மா அகப்பையைக் கீழே வைத்து, முந்தானையைத் தலைக்கு இழுத்தாள். மருமகன் வீட்டுக்குள் வந்துவிட்டால் அப்படித்தான் செய்வாள்.

"வ அலைக்கும் ஸலாம்" என்றாள் நிப்லா.

வைபை வழியாகச் சுற்றி வருவதால் அவன் சொல்வது இரண்டு செக்கன் பிந்தித்தான் வந்தது.

"கேக்குதா?"

"கேக்குது."

ஒரு கிழமை இருந்து வீட்டை அளந்தவன், வீட்டுக்குள் வந்ததும் எங்கே நிற்பது என்று தெரியாதவன்போல் நின்றான். தொண்டையைச் செருமினான். அதுவும் பெரிதாகக் கேட்டது.

"அளவெல்லாம் அழிஞ்சி பெய்த்தா?" என்று கேட்டான்.

"இல்ல. எழுதி வெச்சித் திரும்பப் போட்ட."

"பிழையா இருந்திச்சா?"

நிப்லா ஜன்னலடியைப் பார்த்தாள். ஒரு முழம் தள்ளி, வெயில் ஒரு கட்டமாக விழுந்து கிடந்தது.

"இல்ல" என்றாள். "சரியாத்தான் இருந்திச்சு."

இரண்டு செக்கன்.

"இப்ப எங்க இரிக்காய்?"

"நீங்க வெச்ச இடத்திலதான் மச்சான்."

இரண்டு செக்கன் போனது. பிறகு இன்னும் இரண்டு. ஏசி இரைந்துகொண்டிருந்தது. குசினி வாசலில் இடம் மாறிய பிரிஜ் ஒரு தரம் குலுங்கிவிட்டு ஓடத் தொடங்கியது. அவள் அசையாமல் இருந்தாள்.